உடலைக் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டோம், அப்பா எப்படி எழும்புவார்?

திருநெல்வேலிப் பக்கத்துச் சகோதரி ஒருவர், 46 வயது, இப்போது சென்னையில் வேலை. பெயர் வேண்டாம் என்று கேட்டு நீளமாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய அப்பா ஓய்வுபெற்ற அறிவியல் வாத்தியார். பரம்பரை சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். நான்கு மாதத்துக்கு முன்னால் 78 வயதில் இறந்தார். தன் உடலை அரசு மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்க வேண்டும் என்று எப்போதோ எழுதிக்கொடுத்து, அந்தப் படிவத்தின் ஜெராக்ஸை ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்திருந்தார். மகளும் மகனும் கையெழுத்துப் போட்டு அப்படியே கொடுத்தார்கள். ஆறுதல் ஜெபத்துக்கு வந்த பெரியப்பா எல்லார் முன்னாலும், "எலும்புகூட இல்லாதவனைக் கடைசி நாளில் கர்த்தர் எங்கேயிருந்து எழுப்புவார்?" என்று கேட்டுவிட்டார். சேகரத்தில், அதாவது அந்தச் சபை வட்டாரத்தில், அதுதான் இப்போது பேச்சு. தம்பி வேறொரு சபைக்குப் போகிறவர். அவர் வேறு ஒன்று சொல்கிறார்: அப்பா பரலோகத்திலும் இல்லை, எங்கேயும் இல்லை, நித்திரையில் இருக்கிறார், ஒன்றும் அறியார், பிள்ளையிடம் பொய் சொல்லாதே. சகோதரி அவர்கள் இருவருக்கும் சேர்த்து, "உடம்பு வெறும் கூடுதானே, ஆத்துமா அழியாதது என்று பைபிளே சொல்லுகிறதே" என்று பதில் சொல்லியிருக்கிறார். ஆனால் கல்லறைத் திருநாளான நவம்பர் 2ஆம் தேதி தன் அம்மாவின் கல்லறைக்கு மெழுகுவர்த்தி ஏற்றப் போனபோது, பக்கத்தில் அப்பாவுக்கென்று விட்டிருந்த இடத்தில் நெருஞ்சி முளைத்துக் கிடந்ததைப் பார்த்ததிலிருந்து தூக்கம் வரவில்லை என்கிறார். 11 வயது மகள் "தாத்தா இப்ப எங்கே?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். செய்தது பாவமா, உடலைத் திரும்பக் கேட்க முடியுமா, அம்மா பக்கத்தில் ஒரு கல்லாவது வைக்கலாமா, மகளிடம் என்ன சொல்வது, கடைசியாக, நானும் எழுதிக்கொடுக்கலாமா. இவைதான் கேள்விகள்.

அன்புள்ள சகோதரி,

பாவம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் நிதானமாகப் படிக்க வேண்டிய விஷயம். நான் இறையியல் படித்துவிட்டு, மருத்துவமனையில் துக்கத்தில் இருக்கும் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசுவதையே தொழிலாக வைத்திருப்பவள். என்னிடம் வருகிறவர்களில் நிறையப் பேர் உங்களைப் போலத்தான், ஒரு வேத வசனத்தைக் கேள்வியாகக் கேட்பார்கள், உள்ளே இருப்பது வேறொன்றாக இருக்கும். உங்கள் கடிதத்தில் அது கல்லறை. போய் நிற்பதற்கு ஓர் இடம் இல்லை என்பது. அதற்கும் வருகிறேன். ஆனால் பெரியப்பா, தம்பி, நீங்கள் மூன்று பேரும் சொல்வதை முதலில் வேதத்தோடு வைத்துப் பார்த்துவிடலாம்.

பெரியப்பாவின் எலும்புக் கணக்கு

அவர் கேட்டவிதம் தப்பு, சபை நடுவில் கேட்டது அதைவிடத் தப்பு. ஆனால் அந்தப் பயம் அவராக உண்டாக்கியது இல்லை. யோசேப்பு சாகும்போது தன் எலும்புகளை எகிப்திலிருந்து எடுத்துக்கொண்டு போகும்படி ஆணையிடுவித்துக்கொண்டான். எசேக்கியேல் 37இல் உலர்ந்த எலும்புகள்தான் ஒன்றோடொன்று சேர்ந்து எழும்புகின்றன. கிறிஸ்தவர்கள் பல நூற்றாண்டுகளாகப் புதைத்தே வந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் தகனத்துக்காகப் பிரசாரம் செய்தவர்களில் சிலர் உயிர்த்தெழுதலைக் கேலி செய்வதற்காகவே அதைச் செய்ததால், 1886இல் ரோமன் கத்தோலிக்கத் திருச்சபை தகனத்தையே தடை செய்தது. 1963இல்தான் அந்தத் தடையைத் தளர்த்தினார்கள். 2016இல்கூட, தகனம் செய்யலாம், ஆனால் சாம்பலைத் தூவக் கூடாது, பரிசுத்தமான இடத்தில் வைக்க வேண்டும் என்று வத்திக்கான் சொன்னது. அதனால் பெரியப்பாவை மூடநம்பிக்கைக்காரர் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

ஆனால் அவர் கேட்ட கேள்வி புதிது இல்லை. கொரிந்து சபையில் ஏறக்குறைய இதையே கேட்டார்கள். மரித்தோர் எப்படி எழுந்திருப்பார்கள், எப்படிப்பட்ட சரீரத்தோடே வருவார்கள் என்று. அப்போஸ்தலன் பவுல் சொன்ன பதில் "புத்தியீனனே" என்றுதான் தொடங்குகிறது (அந்த ஒரு வார்த்தையை மட்டும் பெரியப்பாவிடம் வாசித்துக் காட்ட வேண்டாம்). நீ விதைக்கிறது செத்தாலொழிய உயிர்க்காது, விதைக்கும்போது நீ போடுவது இனி உண்டாகும் மேனி இல்லை, வெறும் விதை. தேவன் தமது சித்தத்தின்படி அதற்கு மேனியைக் கொடுக்கிறார். மண்ணில் போட்ட விதையைத் தேடி எடுத்துத் திரும்ப ஒட்டவைப்பது இல்லை அது. முதல் கொரிந்தியர் 15ஐ முழுக்க ஒரே மூச்சில் வாசியுங்கள், துண்டு துண்டாக அடக்க ஆராதனையில் கேட்டிருப்பீர்கள், முழுசாக வாசிக்கும்போது வேறு மாதிரி இருக்கும்.

எலும்பு இருந்தால்தான் எழும்ப முடியும் என்ற கணக்கைச் சபையின் எதிரிகளே ஒருமுறை சோதித்துப் பார்த்தார்கள். கி.பி. 177, இன்றைய பிரான்சில் லியோன் நகரம். 90 வயது தாண்டிய போத்தினு என்ற ஆயரையும், பிளந்தினா என்ற அடிமைப் பெண்ணையும், இன்னும் பலரையும் கொன்றார்கள். உடல்களைப் புதைக்க விடவில்லை. ஆறு நாள் வெட்டவெளியில் போட்டு வைத்துக் காவல் நின்றார்கள். பிறகு எரித்து, சாம்பலைக் கூட்டி ரோன் நதியில் தள்ளினார்கள். இவர்கள் சாவுக்குப் பயப்படாததற்குக் காரணமே உயிர்த்தெழுதல் நம்பிக்கைதான், இனி எப்படி எழும்புகிறார்கள் பார்ப்போம் என்பதற்காகவே அப்படிச் செய்தார்கள். தப்பிப் பிழைத்த கிறிஸ்தவர்கள் இதைக் கடிதமாக எழுதி ஆசியாவிலிருந்த சபைகளுக்கு அனுப்பினார்கள். உடலை அடக்கம் செய்ய முடியவில்லையே என்று அவர்களுக்குப் பெரிய வேதனை, கெஞ்சிப் பார்த்திருக்கிறார்கள், பணம்கூடக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஆனாலும் நம் ஆட்கள் இனி எழும்ப மாட்டார்கள் என்ற எண்ணம் அவர்களுக்கு வரவில்லை. ரோன் நதியில் போனவர்களைச் சபை இரத்தசாட்சிகள் என்று இன்றுவரை கொண்டாடுகிறது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால், 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த நாள். கிறிஸ்துமஸுக்கு அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணியிலும் நம் கடற்கரை ஊர்களிலும் எத்தனை பேர். உடலே கிடைக்காதவர்கள் உண்டு, யார் எவர் என்று தெரியாமல் ஒரே குழியில் போனவர்கள் உண்டு. "சமுத்திரம் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புவித்தது" என்று வெளிப்படுத்தின விசேஷம் 20இல் இருக்கிறதே, அது யாருக்காக எழுதியது? பெரியப்பாவிடம் தனியாக, கோபமில்லாமல், இதை மட்டும் கேளுங்கள். உயிர்த்தெழுதலே இல்லை என்ற யூதப் பிரிவினரான சதுசேயர்கள் ஏழு சகோதரரைக் கட்டிய பெண்ணின் கதையைக் கொண்டுவந்து உயிர்த்தெழுதலை மடக்கப் பார்த்தபோது இயேசு சொன்னது, "நீங்கள் வேதவாக்கியங்களையும், தேவனுடைய வல்லமையையும் அறியாமல் தப்பான எண்ணங்கொள்ளுகிறீர்கள்" என்று. பெரியப்பா சதுசேயர் இல்லை, உயிர்த்தெழுதலை நம்புகிறவர்தான். எழுப்புகிறவரை மட்டும் கொஞ்சம் சின்னவராக நினைத்துவிட்டார்.

ஆனால் உங்கள் பதிலும் சரியில்லை

இது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். உடம்பு கூடு, உயிர் பறவை என்று பேசுவது நம் தமிழில் ஊறிப்போன பேச்சு, கூடுவிட்டு ஆவி போவதை ஔவையாரே பாடியிருக்கிறார், கேட்கவும் ஆறுதலாக இருக்கிறது. கிரேக்கர்களில் பலரும் இப்படித்தான் நினைத்தார்கள். அதனால்தான் அத்தேனே பட்டணத்தில் பவுல் பேசும்போது மரித்தோரின் உயிர்த்தெழுதல் என்றதும் சிலர் பரிகாசம் செய்தார்கள். விட்டுத் தொலைத்த உடம்பை எவனாவது திரும்பக் கேட்பானா என்பது அவர்கள் நினைப்பு.

வேதாகமம் ஆத்துமாவைத் தானாகவே அழியாத ஒரு பொருளாக எங்கேயும் வர்ணிக்கவில்லை. ஒன்று தீமோத்தேயு 6:16 சாவாமையுள்ளவர் ஒருவரே என்கிறது, அது தேவன். மனுஷனுக்குச் சாவாமை என்பது சொந்தச் சொத்து இல்லை, கிடைப்பது. "சாவுக்கேதுவாகிய இது சாவாமையையும் தரித்துக்கொள்ளவேண்டும்" என்று பவுல் சொல்வது உடம்பைப் பற்றித்தான். ஞாயிற்றுக்கிழமைதோறும் விசுவாசப் பிரமாணத்தில் நீங்களும் நானும் "சரீரம் உயிர்த்தெழுதலும்" என்றுதான் சொல்கிறோம். ஆத்துமா தப்பித்துப் போவதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. உயிர்த்த இயேசுவைப் பாருங்கள். தோமாவுக்குக் காயத்தைக் காட்டினார், பொரித்த மீன் வாங்கிச் சாப்பிட்டார். பூட்டின கதவு அவரைத் தடுக்கவும் இல்லை. கல்லறைத் தோட்டத்தில் மரியாள் அவரைத் தோட்டக்காரன் என்றே நினைத்தாள், பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் தெரிந்தது. அதே ஆள், ஆனால் முன்பு இருந்த மாதிரியும் இல்லை.

இதை ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்றால், உடம்பு வெறும் கூடுதான் என்றால் நீங்கள் அழுவதற்கே நியாயம் இல்லாமல் போய்விடும். கரும்பலகையில் எழுதின அப்பாவின் கை, அவர் நடை, இருமல் எல்லாம் சேர்ந்துதான் அப்பா. அந்த உடம்பு உங்களுக்கு முக்கியம், கர்த்தருக்கும் முக்கியம், அதனால்தான் அதை எழுப்புவதாக வாக்குக் கொடுக்கிறார். இறந்துபோன நண்பன் லாசருவை இன்னும் சற்று நேரத்தில் எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் இயேசு கண்ணீர் விட்டாரே. உங்கள் அப்பா உடலைக் கொடுத்ததுகூட அது வெறும் கூடு என்று தூக்கி எறிந்தது ஆகாது. முப்பது வருஷம் வாத்தியாராக இருந்த மனிதர் உடம்பை மதித்துத்தான் கொடுத்தார்.

தம்பி சொல்லும் நித்திரை

தம்பிக்கும் வசனம் இருக்கிறது. மரித்தவர்கள் ஒன்றும் அறியார்கள் என்று பிரசங்கி 9:5. பூமியின் தூளிலே நித்திரைபண்ணுகிறவர்கள் என்று தானியேல் 12:2. நாமே ஜெப அட்டையில் "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்றுதானே அச்சடிக்கிறோம். ஏழாம் நாள் அட்வென்ட் சபையார் இப்படித்தான் போதிக்கிறார்கள். 16ஆம் நூற்றாண்டுச் சபைச் சீர்திருத்தத்தின் தலைவர் லூத்தர்கூடப் பல இடங்களில் இப்படியே பேசினார், இன்னொரு சீர்திருத்தத் தலைவரான கால்வின் அதே கருத்தை மறுத்து ஒரு நூலே எழுதினார். 1330களில் பாப்பரசர் 22ஆம் யோவானே, நீதிமான்களின் ஆத்துமா நியாயத்தீர்ப்புக்கு முன் தேவனை முகமுகமாகப் பார்க்காது என்று பிரசங்கம் செய்து, பெரிய சண்டையாகி, மரணப்படுக்கையில் பின்வாங்கினார். அடுத்து வந்தவர் 1336இல் பார்க்கும் என்று முடிவாக அறிவித்தார்.

மறுபக்கத்திலும் வசனம் குறைவில்லை. சிலுவையில் இயேசு கள்ளனுக்கு "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்று சொன்ன வாக்கு. தேகத்தைவிட்டுப் பிரிந்து கிறிஸ்துவோடு இருக்க ஆசை, அது அதிக நன்மை என்று பிலிப்பியர் 1இல் பவுல். வெளிப்படுத்தின விசேஷம் 6இல் பலிபீடத்தின் கீழே ஆத்துமாக்கள் கூப்பிடுகின்றன, தூங்கவில்லை. பெரும்பாலான சபைகள் இந்தப் பக்கம்தான். உங்கள் சபையின் வேர் ஆங்கிலிக்கன் பாரம்பரியம் என்பதால் ஒரு சங்கதி சொல்கிறேன்: 1553இல் இங்கிலாந்துத் திருச்சபை தன் போதனையைத் தொகுத்து வெளியிட்ட 42 பிரமாணங்களில் ஆத்துமா தூங்குகிறது என்பதைக் கண்டித்து ஒரு பிரமாணமே இருந்தது. பத்து வருஷம் கழித்துத் திருத்தியபோது அதை எடுத்துவிட்டார்கள். ஆக, நம் பெரியவர்களே இதில் ஒருவரை ஒருவர் விலக்கி வைக்கிற அளவுக்குப் போக வேண்டாம் என்று விட்ட விஷயம்.

என் சொந்தக் கருத்தைக் கேட்டால், அப்பா கர்த்தரோடு இருக்கிறார் என்று சொல்ல வேதத்தில் போதுமான ஆதாரம் இருக்கிறது. "மேலே இருந்து நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார், இன்றைக்கு மழை பெய்ததே அவர்தான்" என்பதற்கெல்லாம் இல்லை. அங்கே தம்பி சொல்வதில் நியாயம் உண்டு. ஒன்றைக் கவனித்தீர்களா? தம்பியின் நம்பிக்கைப்படி பார்த்தாலும் கடைசி நாளில் அப்பா எழும்புவார், உடல் எங்கே இருந்தாலும் எழும்புவார். பெரியப்பா கேட்ட கேள்விக்கு நீங்கள் இருவரும் ஒரே பதில்தான் வைத்திருக்கிறீர்கள். கையெழுத்துப் போட்டதும் இரண்டு பேரும் சேர்ந்து. பெரியப்பா முன்னால் உங்களைத் தனியாக விட்டுவிட்டு அவர் நித்திரையைப் பற்றி விவாதித்துக்கொண்டிருக்கிறார் என்பதுதான் உங்களுக்கு உண்மையான வருத்தம் என்று நினைக்கிறேன். அதை அவரிடம் நேராகச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் வேண்டாம், போனில்.

உடலைத் திரும்பக் கேட்பதும் கல் வைப்பதும்

உயிரோடு இருக்கும்போது எழுதிக்கொடுத்த படிவம் குடும்பத்தைக் கட்டாயப்படுத்தாது, நெருங்கிய உறவினர் ஒப்புக்கொண்டால்தான் கல்லூரி எடுத்துக்கொள்ளும். ஆகவே அன்றைக்கு நீங்கள் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை, அப்பாவின் வார்த்தையைக் காப்பாற்றினீர்கள். கொடுத்த பிறகு திரும்பக் கேட்பது வேறு கதை. பதப்படுத்தி மாணவர்களுக்கு ஒதுக்கிய உடலைப் பொதுவாகத் தர மாட்டார்கள், நீங்கள் அதைக் கேட்டு அலைவதையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். நாளைக்குப் பெரியப்பா சமாதானமானாலும், அப்பா கேட்டதை நான் மாற்றிவிட்டேன் என்பது உங்களை அரிக்கும். அதற்குப் பதிலாக உடற்கூறியல் துறைத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். படிப்பு முடிந்த பிறகு மிச்சத்தை எப்படி அடக்கம் அல்லது தகனம் செய்வார்கள், குடும்பத்துக்குத் தகவல் சொல்வார்களா என்று கேளுங்கள். நடைமுறை கல்லூரிக்குக் கல்லூரி மாறும். இன்று பல மருத்துவக் கல்லூரிகளில் முதல் நாள் மாணவர்கள் அந்த உடலின் முன் நின்று மரியாதையாக நடத்துவோம் என்று உறுதிமொழி எடுக்கிறார்கள். அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், தெரிந்தால் மனசு கொஞ்சம் இறங்கும்.

கல் தாராளமாக வைக்கலாம், உடல் இல்லாத இடத்தில் கல் வைக்கக் கூடாது என்று வேதத்தில் எதுவும் இல்லை. நம் பழைய கோயில்களின் சுவரில் எங்கேயோ கடலில், எங்கேயோ காட்டில் இறந்த மிஷனரிகளின் பெயர்ப் பலகை இல்லையா? ஆனால் கல்லறைத் தோட்டம் சபையின் சொத்து, காலி இடத்தில் கட்டுமானம் என்றால் சேகரக் கமிட்டி அனுமதி வேண்டும், அங்கே பெரியப்பாவின் ஆட்கள் இருந்தால் அதுவே அடுத்த சண்டை ஆகும். அம்மாவின் கல்லிலேயே அப்பாவின் பெயரையும் தேதியையும் சேர்த்துப் பொறிப்பது சுலபமான வழி. முதலில் ஐயரவர்களை, அதாவது உங்கள் போதகரை, தனியாகப் பார்த்துப் பேசிவிடுங்கள், முடிந்தால் பொறிக்கிற அன்று ஒரு சின்ன ஜெபத்துக்குக் கேளுங்கள். பெரியப்பாவையும் கூப்பிடுங்கள். வராவிட்டாலும் கூப்பிட்டதாக இருக்கட்டும்.

அந்தக் காலி இடம் உங்களை உறுத்துகிறது என்பதால் இன்னொருவரைச் சொல்கிறேன். பழைய சபையின் பெரிய இறையியலாளர் அகஸ்தீனின் தாய் மோனிக்கா, ஆப்பிரிக்காவில் தன் கணவருக்குப் பக்கத்தில் புதைபட வேண்டும் என்று வருஷக்கணக்காக ஏற்பாடு செய்து வைத்திருந்தவர். 387இல் ஊர் திரும்பும் வழியில் இத்தாலியில் ஒஸ்தியா துறைமுகத்தில் காய்ச்சலில் விழுந்தார். இந்த உடம்பை எங்கே வேண்டுமானாலும் போடுங்கள் என்று சொல்லிவிட்டார். இவ்வளவு தூரத்தில் உடம்பை விட்டுப்போகப் பயமாயில்லையா என்று கேட்டவர்களிடம், கடவுளுக்கு எதுவும் தூரம் இல்லை, என்னை எழுப்ப வேண்டிய இடம் அவருக்குத் தெரியாமல் போய்விடுமோ என்ற பயமும் இல்லை என்றார். அகஸ்தீனே எழுதி வைத்திருக்கிறார்.

மகளுக்கு

11 வயதுப் பிள்ளைக்கு இந்தச் சர்ச்சை எதுவும் வேண்டாம். மூன்று விஷயத்தைப் பிரித்துச் சொல்லுங்கள். தாத்தா இறந்துவிட்டார், தூங்கவில்லை ("தூங்குகிறார்" என்று சொன்னால் சில பிள்ளைகள் ராத்திரி தூங்கவே பயப்படும், தம்பியிடமும் இதைச் சொல்லி வையுங்கள்). தாத்தாவின் உடம்பு டாக்டருக்குப் படிக்கிற அண்ணன் அக்காமாருக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறது. தாத்தா கர்த்தர் கையில் இருக்கிறார், ஒருநாள் கர்த்தர் அவரை எழுப்புவார், அப்போது நமக்கு அவரை அடையாளம் தெரியும். "அந்த உடம்பை வெட்டுவாங்களா, வலிக்குமா?" என்று நிச்சயம் கேட்பாள். வெட்டுவார்கள், வலிக்காது என்று மறைக்காமல் சொல்லுங்கள். அப்புறம் அவளோடு சேர்ந்து நீங்களும் அழுதால் ஒன்றும் கெட்டுப்போகாது.

நீங்கள் எழுதிக்கொடுக்கலாமா என்ற கடைசிக் கேள்விக்கு: கொடுக்கலாம், ஆனால் இப்போது வேண்டாம், துக்கத்திலும் பெரியப்பா மேல் உள்ள கோபத்திலும் எடுக்கிற முடிவாக அது இருக்கக் கூடாது. ஒரு வருஷம் போகட்டும். உங்கள் கணவரிடமும், மகள் வளர்ந்த பிறகு அவளிடமும் பேசுங்கள், கையெழுத்துப் போடப்போவது அவர்கள்தான். பிரேதப் பரிசோதனை நடந்தாலோ சில தொற்றுநோய்கள் இருந்தாலோ கல்லூரி உடலை ஏற்காது என்பதால், அப்படியானால் எங்கே அடக்கம் என்பதையும் எழுதி வையுங்கள். கண்தானத்துக்கு மட்டும் இப்போதே பதிவு செய்யலாம். அதை ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும், அதனால் அந்த அட்டையை ரேஷன் கார்டோடு வைக்காமல் வீட்டில் எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் வையுங்கள்.